அனுமதி இலவசம், பஸ் இலவசமில்லை: வன்னியிலிருந்து பல்கலைக்கழகப் பொது நிகழ்வுகளுக்குப் போக விரும்புவோருக்கு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தமிழ், வரலாறு, மெய்யியல், மொழியியல், இந்து நாகரிகம், நாடகமும் அரங்கியலும் என்று பல துறைகள் நினைவுப் பேருரைகளும் கண்காட்சிகளும் நூல் வெளியீடுகளும் நடத்துகின்றன. அழைப்பிதழின் அடியில் ‘ஆர்வமுள்ள அனைவரையும் அன்புடன் அழைக்கின்றோம்’ என்று அச்சிட்டிருக்கும். அது வெறும் மரியாதைக்குப் போட்ட வரி அல்ல. பட்டம் இருக்கிறதா, எங்கே படித்தீர்கள் என்று வாசலில் ஒருவரும் கேட்பதில்லை. ஏ.எல். எழுதிவிட்டு இருப்பவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கடைக்காரர், கமக்காரர் யாரும் போய் இருந்து கேட்கலாம்.

ஆனால் பிரதான வளாகம் இருக்கும் திருநெல்வேலியில் வசிப்பவருக்கு இது சைக்கிளில் ஐந்து நிமிடம். முல்லைத்தீவுப் பக்கத்து முள்ளியவளையில் இருப்பவருக்கு ஒரு முழு நாள். இந்த வழிகாட்டி இரண்டாமவருக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களையும் மன்னாரின் பெருநிலப் பக்கத்தையும் மனதில் வைத்து எழுதியது.

1. முதலில் அது என்ன வகை நிகழ்வு என்று பாருங்கள்

எல்லாம் ‘பல்கலைக்கழக நிகழ்வு’ என்ற ஒரே பெயரில் வாட்ஸ்அப்பில் வந்து விழும். எல்லாவற்றுக்கும் போக முடியாது. எல்லாம் இலவசமும் அல்ல.

நினைவுப் பேருரை: ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். பதிவு வேண்டாம், கட்டணம் இல்லை. புதிதாகப் போகிறவருக்கு இதைவிடச் சுலபமான வாசல் கிடையாது.

ஆய்வரங்கு, ஆய்வு மாநாடு: இங்கேதான் குழப்பம். கட்டுரை படிப்பவர்களிடம் பதிவுக் கட்டணம் வாங்குவார்கள். தொடக்க அமர்வும் ஆதார உரையும் பெரும்பாலும் எல்லோருக்கும் திறந்திருக்கும். அதற்குப் பிறகு சிறு சிறு அறைகளில் நடக்கும் அமர்வுகளுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் கழுத்தில் அட்டை தொங்க வேண்டியிருக்கலாம். ‘கேட்பவராக மட்டும் வரலாமா, கட்டணம் உண்டா’ என்ற ஒரே கேள்வியை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நூல் வெளியீடு: அனுமதி இலவசம், புத்தகம் இலவசமில்லை. இதில் பழக்கமில்லாதவர்கள் சங்கடப்படும் இடம் ஒன்று உண்டு. மேடையில் பெயர் கூப்பிட்டு முதற் பிரதி, சிறப்புப் பிரதி கொடுப்பார்கள். வாங்குபவர்கள் கடித உறையில் காசு வைத்துக் கொடுப்பார்கள். அது ஏற்கெனவே பேசி வைத்த ஒழுங்கு. உங்களை யாரும் எதிர்பார்க்கவில்லை. புத்தகம் வேண்டுமென்றால் முடிந்த பிறகு வாசல் மேசையில் வாங்குங்கள். வெளியீட்டன்று விலை குறைத்துக் கொடுப்பதுண்டு. வாங்காமல் ரீ குடித்துவிட்டுப் போனாலும் குற்றமில்லை.

நாடக ஆற்றுகை, இசை நிகழ்வு, ஓவியக் கண்காட்சி: வன்னியிலிருந்து போகிறவர்களுக்குக் கண்காட்சிதான் உகந்தது என்பேன். இரண்டு மூன்று நாள் திறந்திருக்கும், காலையிலேயே பார்த்துவிட்டு வெயில் ஏறும் முன் பஸ் ஏறலாம். ஆற்றுகைகள் மாலை ஆறு மணிக்குப் பிறகு தொடங்கினால், தங்க இடம் இல்லாமல் போகாதீர்கள்.

2. அறிவித்தலை அப்படியே நம்பாதீர்கள்

பகிரப்பட்டு வரும் அழைப்பிதழில் பார்க்க வேண்டியவை நான்கு: ஆண்டு, கிழமை, மண்டபம், நடத்தும் துறையின் பெயர். திகதி மட்டும் போட்டு ஆண்டு போடாத பழைய அழைப்பிதழ்கள் ஒவ்வொரு வருடமும் உயிர்த்தெழுந்து வரும். திகதியும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று நாட்காட்டியில் பார்த்தால் பாதிப் பொய் பிடிபடும்.

பிறகு, அந்தத் துறை அல்லது பீடத்தின் முகநூல் பக்கத்திலோ பல்கலைக்கழக இணையத்தளத்திலோ அதே அறிவித்தல் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தாலும் முதல் நாள் பின்னேரம் இன்னொரு தரம் பாருங்கள். ஊழியர் பணிப்புறக்கணிப்பு, மாணவர் பரீட்சை, பேச்சாளர் கொழும்பிலிருந்து வர முடியாமற் போவது என்று ஒத்திவைப்புக்குக் காரணங்கள் ஏராளம். ஒத்திவைத்த செய்தி அழைப்பிதழ் அளவுக்குப் பரவுவதில்லை. அழைப்பிதழில் தொலைபேசி எண் இருந்தால் எடுத்துக் கேளுங்கள். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: ‘வணக்கம், கிளிநொச்சியிலிருந்து வாறம், நாளைக்கு நிகழ்வு நடக்குதா, மண்டபம் மாறேல்லைத்தானே?’ தூரத்திலிருந்து வருகிறோம் என்று சொன்னால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

இலவச நிகழ்வு என்று சொல்லிவிட்டு ‘பதிவை உறுதிப்படுத்த’ வங்கிக் கணக்குக்குக் காசு போடச் சொன்னால், துறையுடன் நேரே பேசும் வரை ஒரு சதமும் போடாதீர்கள்.

நாள் பார்க்கும்போது இன்னும் இரண்டு விடயம். நல்லூர்த் திருவிழா நடக்கும் ஆடி, ஆவணி நாட்களில் இருபத்தைந்து நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்பட்டுப் போக்குவரத்து வேறு வழியால் திருப்பப்படும்; நகரத்திலிருந்து திருநெல்வேலி போக வழக்கத்தைவிட நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். பட்டமளிப்பு விழா நாட்களில் வேறு தேவைக்காக வளாகத்துக்குள் போவதை மறந்துவிடுங்கள்.

3. ‘யாழ். பல்கலைக்கழகம்’ என்றால் எந்த இடம்?

ஆட்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஒரே பெயரில் பல வளாகங்கள், ஒன்றுக்கொன்று பல கிலோமீற்றர் தூரம்.

திருநெல்வேலிப் பிரதான வளாகத்தில் கலைப்பீடம், பிரதான நூலகம், கைலாசபதி கலையரங்கு ஆகியவை இருக்கின்றன. நீங்கள் தேடும் நிகழ்வுகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கும். பலாலி வீதியில் பரமேஸ்வராச் சந்தியில் இறங்கி இராமநாதன் வீதியால் உள்ளே நடக்கலாம்.

மருதனார்மடம் காங்கேசன்துறை வீதியில் இருக்கிறது. இசை, நடனம், சித்திரம் படிப்பிக்கும் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெயரிலான பீடம் அங்கே. ‘இராமநாதன்’ என்ற சொல்லைக் கண்டுவிட்டு இராமநாதன் வீதிக்குப் போய் நிற்பவர்கள் உண்டு. அழைப்பிதழில் மருதனார்மடம் என்று இருந்தால் யாழ். நகரத்திலிருந்து காங்கேசன்துறை வீதி பஸ் எடுக்க வேண்டும். பலாலி வீதி பஸ் அல்ல.

ஹூவர் அரங்கு என்று இருந்தால் அது மருத்துவ பீடம், ஆடியபாதம் வீதிப் பக்கம். பிரதான வளாகத்திலிருந்து கிட்டத்தான், ஆனால் வாசல் வேறு.

அறிவியல்நகர், கிளிநொச்சி: ஏ9 வீதியில், கிளிநொச்சி நகருக்குத் தெற்கே. விவசாய, பொறியியல் பீடங்களும் தொழில்நுட்ப பீடமும் இங்கே. கலை, இலக்கிய நிகழ்வு அபூர்வம். வந்தால் விடாதீர்கள், வன்னிக்குள்ளேயே இருக்கிறது.

வவுனியாப் பல்கலைக்கழகம் இப்போது தனிப் பல்கலைக்கழகம். 2021 ஆகஸ்ட் 1 வரை யாழ். பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக இருந்தது. பழைய பழக்கத்தில் இன்னும் ‘வளாகம்’ என்றே சொல்வார்கள். பிரதான இடம் மன்னார் வீதியில் பம்பைமடு, நகரத்திலிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர். பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் பீடங்கள்தான் அங்கே உள்ளன, கலைப்பீடம் இல்லை. ஆகவே மொழி, பண்பாடு சார்ந்த நிகழ்வுகள் குறைவு. அங்கிருந்து வரும் அழைப்பில் நகரத்து மண்டபமா பம்பைமடுவா என்று பார்த்த பிறகே ஓட்டோவுக்குக் கை காட்டுங்கள்.

4. திரும்பி வரும் பஸ்ஸிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

போவது எப்போதும் சுலபம். எல்லாப் பிரச்சினையும் திரும்புவதில். அதனால் எப்போது புறப்படுவது என்று யோசிப்பதற்கு முன்னர், கடைசி பஸ்ஸுக்கு எத்தனை மணிக்கு மண்டபத்தை விட்டு எழும்ப வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பின்னேரம் 3.00 மணி என்று அச்சிட்ட ஒரு பேருரையை எடுங்கள். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, நினைவுக்குரியவரைப் பற்றிய உரை, பேச்சாளர் அறிமுகம் எல்லாம் முடிந்து பேருரையாளர் ஒலிவாங்கியைத் தொடும்போது 3.40 ஆகியிருக்கும். ஒரு மணி நேரம் பேசுவார். கேள்விகள், நன்றியுரை முடிய 5.15. பரமேஸ்வராச் சந்திக்கு நடந்து, பஸ் பிடித்து, யாழ். பஸ் நிலையம் வர 5.45 அல்லது 6.00. இதிலிருந்து:

கிளிநொச்சிக்கு ஏறத்தாழ 65 கிலோமீற்றர், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். இருட்டினாலும் வீடு போய்ச் சேரலாம்.

வவுனியாவுக்கு ஏறத்தாழ 140 கிலோமீற்றர், மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. பத்து மணிக்கு வவுனியாவில் இறங்கினால் அதற்கப்பால் செட்டிகுளத்துக்கோ நெடுங்கேணிக்கோ போக வழி வைத்திருக்க வேண்டும்.

முல்லைத்தீவுப் பக்கத்தவருக்குத்தான் உண்மையான தலையிடி. யாழ்ப்பாணத்திலிருந்து நேரடி பஸ் பின்னேரத்தோடு குறைந்துவிடும். பரந்தனில் இறங்கி ஏ35 வீதியால் விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாகப் போக இன்னும் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். பரந்தன் சந்திக்கு இரவு எட்டு மணிக்கு வந்து நின்றால் ஓட்டோக்காரர் சொல்லும் விலைதான் விலை. ‘மாங்குளத்தில் இறங்கி ஒட்டுசுட்டான் வழியாகப் போவம்’ என்று நினைக்காதீர்கள். ஏ9-இல் இரவு முழுக்க பஸ் ஓடும், மாங்குளத்திலிருந்து உள்ளே போக ஓடாது. அந்தக் காட்டு வீதியில் இரவில் யானை நிற்கும், மோட்டார் சைக்கிளில் ஒருவரை வரச்சொல்லிக் காத்திருப்பதும் நல்லதல்ல. காலையில் போகும்போதே நடத்துனரிடம், ‘அண்ணை, பரந்தனாலை புதுக்குடியிருப்புக்குக் கடைசி பஸ் எத்தினைக்கு?’ என்று கேட்டு வையுங்கள். இணையத்தில் இருக்கும் நேர அட்டவணையைவிட அவர் சொல்வது சரியாக இருக்கும்.

பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம் பக்கத்தவர்களுக்குச் சங்குப்பிட்டிப் பாலம் பெரிய வசதி. ஏ32 வீதியால் நாவற்குழி வந்துவிடலாம், கிளிநொச்சி சுற்ற வேண்டியதில்லை. ஆனால் ஏ9 போல அடிக்கடி பஸ் கிடையாது. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது நெடுநேரம்.

கொழும்பு போகும் இரவு பஸ்ஸில் ஏறிக் கிளிநொச்சியில் இறங்கலாம் என்பது பலரின் கடைசித் திட்டம். ஆசனம் முற்பதிவு செய்து ஓடும் சொகுசு பஸ்கள் இடையில் இறங்குபவரை ஏற்றாமல் விடலாம், ஏற்றினாலும் முழுக் கட்டணம் கேட்கலாம். ஏறுவதற்கு முன் பேசுங்கள். யாழ். நகரில் தனியார் தூர சேவை பஸ்கள் நிற்கும் இடமும் அரச இ.போ.ச. பஸ் நிலையமும் ஒன்றல்ல என்பதும் நினைவிருக்கட்டும்.

ரயிலில் போக விரும்பினால் வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் எல்லாம் வடக்குப் பாதையில் இருக்கின்றன. எல்லா ரயிலும் எல்லா நிலையத்திலும் நிற்காது. யாழ்ப்பாணத்துக்கு அடுத்த நிலையம் கோண்டாவிலுக்கு முன் வரும் கொக்குவில். உங்கள் ரயில் அங்கே நிற்குமானால் திருநெல்வேலிக்கு அது கிட்ட. நேரம் அடிக்கடி மாறுகிறது, முதல் நாள் நிலையத்துக்கு எடுத்துக் கேளுங்கள். போக ரயில், வர பஸ் என்ற ஒழுங்குதான் பெரும்பாலும் பொருந்தும்.

கேள்வி நேரம் வரை இருக்க முடியாது என்று தெரிந்தால் கடைசி வரிசையில் ஓரக் கதிரையில் இருங்கள். நடுவில் எழும்பிப் போவதை யாரும் பிழையாக எடுப்பதில்லை. முன் வரிசையிலிருந்து எழும்பினால்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

கார்த்திகை, மார்கழியில் மழை தொடர்ந்து பெய்தால் உள்வீதிகளில் வெள்ளம் குறுக்கறுக்கும். அந்த இரு மாதங்களிலும் பின்னேர நிகழ்வுகளைத் தவிர்த்துக் காலை நிகழ்வுகளை மட்டும் தெரிவு செய்யலாம்.

5. காசு

பஸ் கட்டணம் எரிபொருள் விலையோடு ஏறி இறங்குவதால் தொகை எழுதி வைப்பதில் பயனில்லை. கணக்குப் போடும் முறையை மட்டும் சொல்லலாம். வீட்டிலிருந்து சந்திக்கு, சந்தியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு, அங்கிருந்து திருநெல்வேலிக்கு: மூன்று ரிக்கற், இரண்டால் பெருக்குங்கள். ஒரு நேரச் சாப்பாடு, இரண்டு ரீ. கடைசி பஸ் தவறினால் பரந்தனிலிருந்தோ மாங்குளத்திலிருந்தோ ஓட்டோவுக்கு ஒரு தொகையைத் தனியாகச் சுருட்டி வையுங்கள். அதைத் தொடாமல் திரும்பினால் அடுத்த பேருரைக்கு அது உதவும்.

ஓட்டோ நகரத்துக்குள் எடுப்பதானால் ஏறும் முன்னரே விலை பேசுங்கள், அல்லது பிக்மீ செயலியில் காட்டும் தொகையைப் பார்த்துக்கொண்டு பேசுங்கள்.

ஆறு ஏழு பேர் சேர்ந்தால் வான் பிடிப்பது கட்டுப்படியாகும்; அதைவிட, கடைசி பஸ் பற்றிய பயம் போய்விடும். வான்காரரிடம் போய்வரும் வாடகையோடு காத்திருப்புக்கும் சேர்த்தா விலை என்று கேட்டுவிடுங்கள். காத்திருப்பு மணித்தியாலக் கணக்கில் தனியாக வந்து நிற்பதுதான் வழக்கமான சண்டை.

6. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

தனியாகப் போகிறவருக்கு: தேசிய அடையாள அட்டை. வாசல் பாதுகாப்பு உத்தியோகத்தர் கேட்டால் காட்டவும், பதிவேட்டில் பெயர் எழுதவும். அழைப்பிதழை போனில் திறந்து வைத்திருங்கள். ‘கைலாசபதியிலை நினைவுப் பேருரைக்கு வந்தனாங்கள்’ என்று சொன்னால் போதும். மோட்டார் சைக்கிளில் போனால் சாரதி அனுமதிப்பத்திரமும் வாகனக் காப்புறுதி, வரிப் பத்திரங்களும். வழி நெடுகப் பொலிஸ் மறிக்கும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆசிரியர்கள், அரச உத்தியோகத்தர்கள்: வேலை நாளென்றால் விடுமுறை முதலிலேயே எடுத்திருக்க வேண்டும். கடமை விடுமுறை கிடைக்குமா என்பது உங்கள் அதிபர் அல்லது அலுவலகத் தலைவரின் கையில். அதற்கு நிறுவனத்தின் பெயருக்கு வந்த அழைப்புக் கடிதம் வேண்டும், முகநூல் அழைப்பிதழ் செல்லாது. துறைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னர் மின்னஞ்சல் அனுப்பிப் பாடசாலைப் பெயருக்கு ஓர் அழைப்புக் கேளுங்கள். வருகையை உறுதிப்படுத்தும் கடிதம் பிறகு வேண்டியிருக்குமானால் அதையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள். நிகழ்வு முடிந்த பிறகு கேட்டால் கையொப்பமிட வேண்டியவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

மாணவர்களைக் கூட்டிப் போவதானால் வேலை கூட. அதிபரின் கடிதம், வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி, ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரின் சம்மதக் கடிதம், பெயர்ப் பட்டியல் மூன்று பிரதி, கூடப் போகும் ஆசிரியர்களின் பெயர்கள். பெண் பிள்ளைகள் இருந்தால் ஆசிரியை ஒருவர் கட்டாயம். வலயத்திலிருந்து அனுமதி ஒரு நாளில் வராது. துணுக்காயோ மடுவோ எந்த வலயமானாலும் மூன்று வாரம் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மண்டபத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு இடம் இருக்குமா என்று துறையிடம் கேட்காமல் போய், வாசலில் நிற்க வைக்கக் கூடாது.

கூகுள் படிவத்தில் பதிவு கேட்டால் பெயரை அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் இருப்பதுபோலவே எழுதுங்கள். சான்றிதழில் அப்படியே அச்சாகும், பிறகு திருத்தித் தரமாட்டார்கள். மின்னஞ்சல் முகவரியில் ஒரு புள்ளி விடுபட்டால் இணைப்பும் வராது, சான்றிதழும் வராது. வரவில்லையே என்று கோபப்பட முன் ‘ஸ்பாம்’ பெட்டியைத் திறந்து பாருங்கள்.

7. மண்டபத்துக்குள்

முன் இரண்டு வரிசை விருந்தினருக்கு. அதற்குப் பின்னால் எங்கும் இருக்கலாம். வருகைப் பதிவேட்டில் பெயரோடு ஊரையும் எழுதுங்கள்: மல்லாவி, உடையார்கட்டு, நெடுங்கேணி என்று. வன்னியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று நடத்துபவர்களுக்குத் தெரிவது அந்தத் தாளிலிருந்துதான்.

உரை தமிழிலா ஆங்கிலத்திலா என்று அழைப்பிதழின் தலைப்பை வைத்து ஊகிக்காதீர்கள். தலைப்பு தமிழில் இருந்து, வெளிநாட்டுப் பேச்சாளர் ஆங்கிலத்தில் பேசுவது உண்டு. தொலைபேசியில் கேட்கும்போதே கேட்டிருந்தால் நல்லது. பேருரை சிறு நூலாக அச்சிட்டு வாசலில் கொடுக்கப்படுவதும் உண்டு. கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், பாதியில் எழும்ப வேண்டி வந்தாலும் மிச்சத்தை பஸ்ஸில் வாசிக்கலாம்.

கேள்வி கேட்க ஆசையிருந்தால் எழுதி வைத்து வாசியுங்கள். பெயர், ஊர், ஒரு கேள்வி. ‘கேள்வி அல்ல, ஒரு கருத்து’ என்று தொடங்கிப் பத்து நிமிடம் பேசுபவர் ஒவ்வொரு மண்டபத்திலும் ஒருவர் இருக்கிறார்; அந்தப் பதவி காலியாக இல்லை. ஒலிப்பதிவு செய்வதானால் பேச்சாளரிடம் முன்னரே சொல்லுங்கள். தண்ணீர்ப் போத்தல் கொண்டு போங்கள். சிற்றுண்டி கிடைக்கும் என்று நம்பி வயிற்றைக் காயப்போடாதீர்கள்; சனி, ஞாயிறில் வளாகத்துக்குள் கன்ரீனும் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

8. போக முடியாவிட்டால்: வீட்டிலிருந்து கேட்பது

ஸூமில் நடக்கும் நிகழ்வுகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி வரை டேட்டா போகலாம். உங்கள் கமராவை நிறுத்தி வைத்தால் குறையும். இலவச ஸூம் கணக்கில் நூறு பேருக்கு மேல் உள்ளே விடாது. பத்து நிமிடம் முன்னரே நுழையுங்கள். இடம் நிரம்பிவிட்டால் அதே நேரத்தில் முகநூல் நேரலை போகிறதா என்று பாருங்கள். பெயர் இருக்கும் இடத்தில் ‘சாம்சுங்’ என்று போன் பெயர் தெரிந்தால் காத்திருப்பு அறையிலேயே விட்டுவிடுவார்கள், உங்கள் பெயரை எழுதுங்கள். ஒலிவாங்கியை மூடி வையுங்கள். கோழி கூவுவது பேராசிரியருக்கும் கேட்கும். பிறகு யூரியூப்பில் ஏற்றினால் 240 தரத்தில் கேளுங்கள், பேச்சுக்கு அது தாராளம்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் மொழி, வரலாறு, மெய்யியல், கலை போன்றவற்றுக்கு மனிதப் பண்பியல் மையம் என்று தனியாகவே வைத்திருப்பார்கள். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஜாக்மன் நிறுவகமும் ஸ்ரான்போர்ட் மையமும் அப்படியானவை. இத்தகைய மையங்களின் பொது உரைகள் பல இலவசம். இணையவழியில் திறந்துவிடும் உரைகளுக்குப் பதிவு செய்தால் இணைப்பு மின்னஞ்சலில் வரும். ஆங்கிலம் ஓரளவு விளங்கினால் போதும், திரையின் கீழே எழுத்தோட்டம் போடும் வசதியை அழுத்திக்கொள்ளலாம்.

இங்கே பொறி நேரம்தான். நமது நேரம் ஆண்டு முழுக்க ஒன்றே, அவர்கள் கோடையில் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளுவார்கள். ரொறன்ரோவில் மதியம் 12.00 என்றால் கோடையில் இங்கே இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. அங்கே மாலை 4.00 என்றால் இங்கே அடுத்த நாள் அதிகாலை 1.30 அல்லது 2.30. ஸ்ரான்போர்ட் மாலை 4.00 என்றால் அடுத்த நாள் காலை 4.30 அல்லது 5.30, விடிய எழும்புகிறவர்களுக்கு இது நல்ல நேரம். இலண்டன் மாலை 5.00 இங்கே இரவு 9.30 அல்லது 10.30. அமெரிக்காவும் கனடாவும் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் நேரம் மாற்றும். பிரித்தானியாவும் ஐரோப்பாவும் மார்ச், ஒக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில். இடைப்பட்ட வாரங்களில் மனக்கணக்கு பிழைக்கும், போனின் உலகக் கடிகாரத்தைப் பாருங்கள். திகதியை ‘அடுத்த நாள்’ என்று குறிக்க மறந்து ஒரு நாள் முந்திப் போய் நிற்பதுதான் அதிகம் நடப்பது.

9. நிகழ்வை இங்கே வரவழைப்பது

இருபது பேர் யாழ்ப்பாணம் போவதைவிட ஒரு விரிவுரையாளர் கிளிநொச்சிக்கோ மாங்குளத்துக்கோ வருவது எல்லா வகையிலும் மலிவு. வாசகர் வட்டம், நூலகம், பழைய மாணவர் சங்கம், பிரதேச செயலகத்தின் கலாசாரப் பேரவை எதன் பெயரிலும் கேட்கலாம். தனி ஆளாகக் கேட்பதைவிட அமைப்பின் கடிதத் தலைப்பில் கேட்டால் பதில் விரைவில் வரும்.

துறைத் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம், பீடாதிபதிக்குப் பிரதி, இரண்டு மாதம் முன்னர். அதில் இருக்க வேண்டியவை: என்ன பொருளில் உரை வேண்டும், வருபவர்கள் யார், எத்தனை பேர், மண்டபம் எது, மூன்று மாற்று நாட்கள், வாகனம் யார் ஒழுங்கு செய்வது, தொடர்புக்கு ஒரே ஒருவரின் எண். ‘தமிழ் பற்றிப் பேச வேண்டும்’ என்று எழுதினால் கடிதம் மேசையிலேயே கிடக்கும். ‘வன்னிப் பகுதிக் கல்வெட்டுகள் பற்றி, ஏ.எல். வரலாற்று மாணவர்கள் அறுபது பேருக்கு, ஒன்றரை மணி நேரம்’ என்று எழுதினால் யாரை அனுப்பலாம் என்று அவர்களே யோசிக்கத் தொடங்குவார்கள்.

பேச வருபவர் பெரும்பாலும் காசு கேட்கமாட்டார். போக்குவரத்தும் மதியச் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. அதை அவர் கேட்கும் வரை விட்டு வைக்காதீர்கள். மண்டபத்துக்குப் பிரதேச சபையில் வாடகையும் மீளளிக்கும் வைப்பும் கட்ட வேண்டியிருக்கும், பற்றுச்சீட்டைத் தொலைத்தால் வைப்புத் திரும்பாது. ஒலி அமைப்பு, திரை, புரொஜெக்ரர், கறண்ட் போனால் ஜெனரேற்றருக்கு டீசல். மண்டபத்துக்கு வெளியே ஒலிபெருக்கி கட்டுவதானால் பொலிஸ் நிலையத்தில் அனுமதி எடுக்க வேண்டும். யன்னலுக்குத் துணி கட்டாத மண்டபத்தில் காலை பத்து மணி வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாது. முதல் நாள் அதே நேரத்தில் புரொஜெக்ரரைப் போட்டுப் பாருங்கள்.

நாள் தெரிவு செய்யும்போது ஊரின் நாட்காட்டியைப் பாருங்கள். காலபோக விதைப்பும் மாசிப் பக்கத்து அறுவடையும் நடக்கும்போது கமக்காரர் வரமாட்டார். வற்றாப்பளைப் பொங்கலன்று முல்லைத்தீவில் கூட்டம் வைத்தால் பேச்சாளரும் மைக்காரரும் மட்டும் இருப்பார்கள். ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவை மன்னார், வவுனியாப் பக்கத்தில் விட்டுவிடுங்கள். ஓ.எல்., ஏ.எல். பரீட்சைக் காலத்தில் மண்டபமும் கிடையாது, பிள்ளைகளும் வரமாட்டார்கள். சனிக்கிழமை காலை 9.30 தொடங்கி 12.30-க்குள் முடித்தால் எல்லாப் பக்கத்து பஸ்ஸும் இருக்கும்.

கடிதம் போட்டு இரண்டு வாரத்தில் பதில் இல்லாவிட்டால் துறை அலுவலகத்துக்கு எடுத்துக் கேளுங்கள், காலை பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில். ‘கடிதம் கிடைக்கவில்லை’ என்று சொன்னால் அதே அழைப்பிலேயே மின்னஞ்சல் முகவரியை வாங்கி, கடிதத்தைப் படம் பிடித்து உடனே அனுப்புங்கள். நாள் உறுதியானதும் எழுத்தில் வாங்குங்கள். அதன் பிறகு மண்டபத்துக்குக் காசு கட்டினால் போதும்.